வாசலில் நிற்கும் பெயர்

அத்தியாயம் 11

ஆர்மோனியப் பெட்டியின் அடியில் ரோஸ்லின் கண்டெடுத்த கேசட்டோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு காசம்மாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? இல்லாத ஒரு பிள்ளையின் பெயர் அல்லவா அந்தக் கேசட்டிலிருந்து வந்தது!

புதிதாக இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சோரியாங்குப்பம் பக்கத்தில் மாதா கோயில் தெரு. அந்தத் தெருவில் முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் பஜனை வந்தால் உடனே கதவைத் திறக்க மாட்டார்கள். எல்லாரும் உள்ளே இருந்துகொண்டு கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பஜனைக்காரர் வாசலில் நின்று, மூத்தவரிலிருந்து கைக்குழந்தை வரைக்கும் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் உள்ளேயிருந்து "இருக்கன்" என்று குரல் கொடுக்க வேண்டும். வெளியூர் போனவர்களுக்கு வீட்டுப் பெரியவர் "வந்துடுவாங்க" என்பார். கடைசிப் பேருக்கும் பதில் வந்த பிறகுதான் கதவு திறக்கும், பாட்டு ஆரம்பிக்கும், சுக்குக் காப்பி வெளியே வரும்.

செத்தவர் பெயரை மட்டும் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான் சட்டம்.

இருபது வருஷத்துக்கு மேல் பேர் கூப்பிட்டவர் காசம்மாளின் புருஷன் ஆதிமூலம். அவர் போய்ச் சேர்ந்ததும் அந்த வழக்கமும் நின்றுபோனது. இப்போது அவர் மகன் சார்லஸின் குட்டியானை வண்டிதான் பஜனை. நான்கு ஸ்பீக்கர், ஓடி ஓடி எரிகிற லைட்டு, முகமூடி போட்ட தாத்தா, போதாக்குறைக்குச் செல்போனில் லைவ். டிவியை நிறுத்திவிட்டு வெளியே வருகிறவர்கள் எண்ணி நாலு பேர். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் லைவில் கை கூப்பி, இதயம் போட்டு அனுப்புவார்கள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற சார்லஸின் தங்கை ரோஸ்லினும் இத்தனை வருஷம் அப்படி இதயம் போட்டவள்தான். இந்த வருஷம் லீவு கிடைத்து நேரிலேயே வந்துவிட்டாள்.

"அப்பா காலத்து கிறிஸ்மஸ் வேணும்" என்று வந்ததிலிருந்து ஒரே பிடிவாதம். கிடைத்தது பார்!

கேசட்டில் ஆதிமூலம் தெரு முழுக்கப் பேர் கூப்பிட்டுவிட்டு, கடைசியாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிடுகிறார். ஆதிமூலம், காசம்மாள். அதற்கப்புறம், சார்லஸுக்கு முன்னால், "செல்லக்கண்ணு!" என்கிறார். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் பளிச்சென்று வருகிறது.

"இருக்கன்! தம்பிய தூக்கி வெச்சிருக்கன்!"

சார்லஸுக்கு அக்கா கிடையாது. இதுநாள் வரைக்கும் கிடையாது.

*

இருபத்து நாலாம் தேதி விடிந்தது. கரும்புத் தோட்டத்துப் பக்கமிருந்து பனி தெருவுக்குள் இறங்கி, எதிர் வீடுகூடத் தெரியவில்லை. சார்லஸின் மனைவி ஜெயா வாசல் தெளிக்க வெளியே வந்தாள். அவளுக்கு இது எட்டாம் மாசம். குனிய வேண்டாமென்று சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.

கேட் திறந்து கிடந்தது.

ராத்திரி சார்லஸ் கொக்கி போட்டதை அவளே பார்த்தாள். நேற்றும் காலையில் இப்படித்தான் திறந்து கிடந்தது. முந்தாநாளும் அப்படியே. நாய் தள்ளியிருக்கும் என்று சார்லஸ் சொல்லிவிட்டான். கொக்கியை எடுக்கிற நாயை ஜெயா இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

கேட்டைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள். வெளியே தொங்குகிற பிளாஸ்டிக் ஸ்டாருக்குக் கீழே ஒரு சின்னப் பெண் நின்றிருந்தது. கவுன் போட்டிருந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின ரெட்டை ஜடை. முகம் பனியில் சரியாகத் தெரியவில்லை.

"யாரு பாப்பா? யார் வூட்டுப் புள்ள நீ?"

"கூப்ட்டீங்களா?" என்றது அந்தப் பெண்.

ஜெயாவின் கையிலிருந்த வாளி சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. குனிந்து நிமிர்வதற்குள் ஸ்டாருக்குக் கீழே யாரும் இல்லை.

உள்ளே ஓடிவந்து சொன்னாள். சார்லஸ் பல் குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தான்.

"எதுனா புள்ள பூசைக்கு பாட்டு ப்ராக்டிஸ் போயிருக்கும். நீ வேற! வவுத்துல புள்ளய வெச்சிக்கினு கண்டத யோசிக்காத."

"ப்ராக்டிஸ் போற புள்ள என்னாத்துக்கு கூப்ட்டீங்களான்னு கேக்குது?"

அடுப்படியில் அதிரசம் தட்டிக்கொண்டிருந்த காசம்மாளின் கை நின்றுபோனதை ரோஸ்லின் மட்டும் பார்த்தாள். எண்ணெயில் கிடந்த அதிரசம் கறுக்க ஆரம்பித்தது. காசம்மாள் அதை உடனே எடுக்கவில்லை.

"சார்லசு" என்றாள் காசம்மாள். "சாயந்திரம் ஒங்கப்பா குரலத்தான போடப் போற?"

"ஆமாம்மா. தெருவே அழுவப் போவுது பாரு. லைவ் பிச்சிக்கும்."

"போட்டுக்க. அந்தப் பேர மட்டும் வெட்டிடு."

"எந்தப் பேர?" என்று வேண்டுமென்றே கேட்டாள் ரோஸ்லின்.

"ஒனக்குத் தெரியும்டி."

"தெரியாது. அதத்தான் கேக்குறன். யாரும்மா அது?"

"யாருமில்ல." காசம்மாள் கறுத்துப்போன அதிரசத்தைக் கரண்டியால் எடுத்து ஓரமாகப் போட்டாள். "புள்ள பெறப்போறவ வூட்டுல இருக்கா. அந்தப் பேரு வாசல்ல வேணாம். வெட்டுறியா, இல்ல பஜனையே வேணாம்னு கோயில் சாமியார்கிட்ட சொல்லிடவா?"

அம்மா அப்படிப் பேசி சார்லஸ் கேட்டதே இல்லை. கேசட்டும் அவள் இடுப்புச் சுருக்குப்பையில்தான் இருந்தது, அன்றைக்கே வாங்கி முடிந்துகொண்டாள். செல்போனில் அவன் பதிவு செய்து வைத்திருந்ததுதான் மிச்சம்.

சார்லஸ் வண்டிக்குள் போய் உட்கார்ந்து செல்போனை எடுத்தான். வெட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு, நடுவில் இருப்பது போய்விடும். ஆனாலும் அழிப்பதற்கு முன்னால் அவன் அதை இன்னொரு தடவை கேட்டான்.

"தம்பிய தூக்கி வெச்சிருக்கன்!"

அவனுக்கு ஒரு ஞாபகம் உண்டு. யாரோ ஒருத்தர் இடுப்பில் அவன் உட்கார்ந்திருப்பான். அந்த இடுப்பு ரொம்பச் சின்னது, அவன் சரிந்து சரிந்து விழுவான், ஒரு கை அவனைத் தூக்கித் தூக்கி மேலே ஏற்றும். தேங்காயெண்ணெய் வாசனை அடிக்கும். அது அம்மாதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தான். அம்மா தேங்காயெண்ணெய் வைக்க மாட்டாள், அவளுக்குத் தலைவலி வந்துவிடும். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அழித்துவிட்டான்.

*

பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோஸ்லின் தெருமுனை வீட்டுக்குப் போனாள். கிறிஸ்துமஸ் என்றால் முதல் தட்டு பவுனம்மாளுக்குத்தான் போகும், அது மட்டும் இன்னும் மாறவில்லை. பவுனம்மாள் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டு, மென்றுகொண்டே ஆளைப் பார்த்தாள்.

"இன்னாடி மொகம் இப்படிக் கீழ வுழுந்திருக்கு? துபாய்ல எவன்கிட்டயாவது மாட்டிக்கினியா?"

"துபாய் இல்ல பெரிம்மா, மஸ்கட்டு. செல்லக்கண்ணு யாரு?"

பவுனம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஒங்கம்மாவக் கேளு."

"கேட்டன். யாருமில்லன்னுச்சி."

"அப்பிடியா சொன்னா?" பவுனம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். "ஒங்கப்பா எங்க எல்லார் வூட்டு வாசல்லயும் நின்னு கணீர்னு கூப்டுவாரு. அவரு வூட்டு வாசலுக்கு வந்தா மட்டும் ரெண்டாம் பேருக்கும் மூணாம் பேருக்கும் நடுவுல தொண்ட அடைச்சிக்கும். வருஷா வருஷம் அடைச்சிக்கும். தெருவுக்கே தெரியும். நாங்க யாரும் கேக்கல. கேட்டிருக்கணும்டி. பாவிங்க, கேக்கல."

"செத்துட்டாளா?"

"செத்திருந்தா ஒரு குழி இருக்கும்ல? கல்லறத் திருநாளுக்கு ஒரு மெழுவத்தி ஏத்துவோம்ல?" பவுனம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கூப்ட்ட பேருக்கு பதில் வரலன்னா அந்தப் பேரு வாசல்லயே நிக்கும்னு எங்க மாமியா சொல்லும். நீங்க கேசட்டப் போட்டுக் கூப்ட்டுட்டீங்க. யாரு பதில் சொன்னீங்க?"

ரோஸ்லின் ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் பார்க்கிறவள். இருந்தும் திரும்பி வாசலைப் பார்த்தாள். காலையில் ஜெயா சொன்னதை அவள் இன்னும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது காசம்மாள் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் எதிரே போய்க் குந்தினாள்.

"செத்தவங்க பேரத்தான் வுடுவாங்க. நீ ஏம்மா உசுரோட இருக்கறவ பேர வுட்ட?"

காசம்மாள் தலை நிமிரவில்லை. சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

"ஒனக்கு அப்ப பல்லுகூட மொளைக்கல" என்று கடைசியில் ஆரம்பித்தாள். "வெள்ளம் வந்து நடவெல்லாம் போச்சி. ஆருக்கும் வேலையில்ல. பாண்டில ஒரு சொல்தா வூடு, பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்கறவங்க. எங்க கொழந்தைய பாத்துக்க ஒரு பொண்ணு வேணும், படிக்க வெக்கிறம், சோறு போடறம்னாங்க. பொங்கல் கழிச்சி நான்தான் கூட்டிக்கினு போய் வுட்டன். தம்பிய வுட்டுட்டு வரமாட்டன்னு கதறிச்சி. சனிக்கெழம வரன்னு சொல்லிட்டு வந்தன்."

"போனியா?"

"போனன். வூடு பூட்டியிருந்துச்சி. பிரான்சுக்குப் போய்ட்டாங்கன்னு பக்கத்துல சொன்னாங்க. புள்ளையுமான்னு கேட்டன். கூட ஒரு பொண்ணு போச்சின்னு ஒருத்தி சொன்னா, இல்லவே இல்லன்னு ஒருத்தி சொன்னா. ஒங்கப்பா நடையா நடந்தாரு. வயக்காட்டு ஆளுக்கு எவன் பதில் சொல்லுவான்?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் எட்டி அதை இறுக்கி மூடினாள்.

"அடுத்த கிறிஸ்மஸ் வந்துச்சி. பேர் கூப்டணும். கூப்ட்டா நான் 'வந்துடுவா'ன்னு சொல்லணும். பொண்ணு எங்க போச்சின்னு தெரு கேக்கும். பெத்த புள்ளைய தொலைச்சிட்டு வந்தவன்னு சொல்லும். வேணாம், வுட்டுடுன்னு ஒங்கப்பா கையப் புடிச்சிக்கினன். அவரு வுட்டாரு. அதுக்கப்பறம் என் மொகத்தப் பாத்து அவரு சிரிக்கவே இல்லடி."

ரோஸ்லினுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"இப்பவும் வெட்டச் சொல்லிட்ட."

"ஆமா."

"அவ எங்கயோ உசுரோட இருந்தா? இன்னைக்கும் அவள நீ செத்தவன்னுதான சொல்ற?"

காசம்மாள் எழுந்தாள். தேய்த்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

விளக்கு வைக்கிற நேரம். பனி மறுபடியும் இறங்கிவிட்டது. குட்டியானை தெருவுக்குள் மெதுவாக நுழைந்தது. இந்தத் தடவை முகமூடித் தாத்தா இல்லை, ஓடுகிற லைட்டு இல்லை, டிரம்ஸ் இல்லை. வண்டியின் முன்னால் ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் தொங்கியது. ரோஸ்லின் செல்போனைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லைவில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. சார்லஸ் பகலிலேயே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தான்.

பவுனம்மாள் வாசலில் வண்டி நின்றது. ஸ்பீக்கர் கரகரத்தது. ஆதிமூலத்தின் குரல் தெருவில் நின்று பேசியது.

"பாலன் வந்திருக்காரு! ஆரு ஆரு இருக்கீங்க? அரிகரன்!"

"இருக்கன்யா, செத்தா பூட்டேன்!" என்று ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு ஆள் கத்தினார். அந்தக் காலத்துத் தெரு அவரோடு சேர்ந்து சிரித்தது.

பவுனம்மாளின் புருஷன். அவரைப் புதைத்து எத்தனையோ மழை பெய்துவிட்டது.

அடுத்து, "பவுனம்மா!" என்றார் ஆதிமூலம். கேசட்டுப் பவுனம்மாள் வாயைத் திறப்பதற்குள், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து இன்றைய பவுனம்மாளே ஓவென்று குரல் கொடுத்தாள். "இருக்கன்! நான் மட்டும் இருக்கன்!" கதவைத் திறந்து வெளியே வந்தவள் சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. செத்தவர்கள் சத்தமாகப் பதில் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறவர்களின் குரல்தான் கதவுக்குப் பின்னால் நடுங்கியது. வெளியே வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை, வண்டிக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டே வந்தது. சார்லஸ் எதிர்பார்த்த கிறிஸ்துமஸ் இது இல்லை. அவனுக்கே நிறுத்திவிடலாமா என்று இருந்தது. ஆனால் இன்னும் ஒரு வீடுதான் பாக்கி.

தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். முற்றத்துக்குள் வந்து, கேட்டைத் தானே சாத்திக் கொக்கி போட்டான், இழுத்தும் பார்த்தான். உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், காசம்மாளும் ஜெயாவும் இருந்தார்கள். வீட்டு மதில் தாழ்வுதான். வெளியே நின்ற கூட்டத்துக்குக் கதவு நன்றாகத் தெரிந்தது. சார்லஸும் ரோஸ்லினும் மட்டும் முற்றத்தில் நின்றார்கள்.

"ஆதிமூலம்!" என்றது ஸ்பீக்கர். உடனே அந்தக் குரலே சிரித்தது. "நான்தான்யா! நான் எங்க போவப்போறன், இங்கதான் இருக்கன்!"

கூட்டத்தில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"காசம்மா!"

"இருக்கன்." வாலிப வயசுக் காசம்மாளின் குரல். வெட்கத்தோடு, சந்தோஷத்தோடு இருந்தது. அம்மாவிடம் அப்படி ஒரு குரல் இருந்ததா என்று ரோஸ்லினுக்கு ஆச்சரியம்.

அடுத்து வெட்டின இடம். சார்லஸ் சுத்தமாகத்தான் வெட்டியிருந்தான். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

"சார்ல..."

கதவு உள்ளேயிருந்து தடதடவென்று தட்டப்பட்டது.

"நிறுத்துடா!"

சார்லஸ் கையிலிருந்த செல்போனில் நிறுத்தினான். தெருவே நின்றுபோனது. பெட்ரோமாக்ஸின் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு பேரு வுட்டுப்போச்சி" என்றாள் காசம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து. இப்போதைய குரல், உடைந்த குரல். "அவரு வுடல. நான்தான் வுட வெச்சன். தெருவுல எல்லாரும் கேட்டுக்கோங்க. என் மூத்த பொண்ணு. நான் பெத்த பொண்ணு."

மூச்சை இழுத்துக்கொண்டு, ஆதிமூலம் கூப்பிடுகிற மாதிரியே நீட்டிக் கூப்பிட்டாள்.

"செல்லக்கண்ணூ!"

யாரும் பதில் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? பவுனம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பனி பெட்ரோமாக்ஸைச் சுற்றிப் புகையாக ஓடியது.

"வந்துடுவா" என்றாள் காசம்மாள். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வார்த்தை. "எம்பொண்ணு வந்துடுவா."

ரோஸ்லினின் கையிலிருந்த செல்போன் இன்னும் லைவில்தான் இருந்தது. மஸ்கட்டிலிருந்து அழுகிற பொம்மைகள், சிங்கப்பூரிலிருந்து கை கூப்பிய பொம்மைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு வரி வந்தது. படம் இல்லாத ஆள். பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எழுத்து. தமிழ்தான், ஆனால் தமிழ் எழுதத் தெரியாதவர்கள் எழுதுகிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

ரோஸ்லின் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

இருக்கன். தம்பிய தூக்கி வெச்சிருக்கன்.

அந்த வரியைக் கேசட்டில் கேட்டவர்கள் வீட்டு ஆட்கள் நாலே பேர். கேசட் அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. செல்போனில் இருந்ததைக் காலையிலேயே அழித்தாயிற்று. "அண்ணே" என்று சார்லஸிடம் நீட்டினாள். அவன் படித்தான். இன்னொரு தடவையும் படித்தான்.

"இன்னாடி?" உள்ளேயிருந்து காசம்மாள் கேட்டாள். "ஏன் சத்தமே காணோம்? யார்னா பதில் சொன்னாங்களா?"

ரோஸ்லின் வாயைத் திறப்பதற்குள் அதே ஆளிடமிருந்து அடுத்த வரி வந்தது. ரோஸ்லின் அதைச் சத்தமாகவே படித்துவிட்டாள், படிக்கிறோம் என்று தெரியாமலே.

"எல்லாரும்தான் இருக்கமே. கதவத் தெறக்கலியா?"

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. உள்ளே ஜெயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் பார்த்ததைத்தான் மறுபடியும் பார்க்கிற பார்வை அது.

காசம்மாள் படியில் நின்றாள். மகளைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை, நீட்டின செல்போனையும் பார்க்கவில்லை. அவர்களைத் தாண்டிக் கேட்டைப் பார்த்தாள்.

"உள்ள வாம்மா" என்றாள். "பனி பெய்யுது."

ரோஸ்லினுக்குப் பின்னால் கொக்கி விடுபடுகிற சத்தம் கேட்டது.